நூறு பேரில் எத்தனை பேர்?
வாய்ப்புற்றுக்கு முந்தைய நிலைகளும் நம் வகுப்பறையும்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில் திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். நெல்லும் பட்டுத்தறியும் இந்த ஊர்களின் தொழில் என்றால், வெற்றிலை பாக்கு இவற்றின் பழக்கம். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணம் சீவலைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். நிச்சயதார்த்தம் முதல் நவராத்திரிக் கொலு வரை தாம்பூலம் இல்லாமல் எந்த நல்ல காரியமும் நிறைவு பெறுவதில்லை. நடவு வயலிலும் தறிக்குழியிலும் திண்ணையிலும் சுருக்குப்பையும் சுண்ணாம்பு டப்பியும் பெரியவர்களோடு கூடவே இருக்கின்றன. பலருடைய தாம்பூலத்தில் புகையிலைத் துண்டும் சேர்ந்துகொள்கிறது.

இந்தச் சூழலில் வளரும் பிள்ளைகள்தான் காலையில் நம் வகுப்புக்கு வருகிறார்கள். அதனால்தான் ஒரு மருத்துவக் கேள்வி ஆசிரியர்களுடைய கேள்வியாகவும் ஆகிறது. ஓர் ஊரில் வயது வந்த நூறு பேரின் வாயைத் திறந்து பார்த்தால், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் எத்தனை பேரிடம் இருக்கும்? அந்த எண்ணை அறிவதால் நமக்கு என்ன பயன்?

புற்றுநோய் அல்ல, எச்சரிக்கை

வாய்ப்புற்றுநோய் பெரும்பாலும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. பலருக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாயின் உள்தோலில் ஒரு மாற்றம் தோன்றுகிறது. அது வெள்ளைத் திட்டாகவோ சிவப்புத் திட்டாகவோ இருக்கலாம், இறுக்கமாகவும் இருக்கலாம். வலி இருக்காது, இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும் அளவில்தான் இருக்கும். ‘சுண்ணாம்பு பட்டு வெந்திருக்கும்’ என்று வீட்டில் சொல்லிவிட்டு அடுத்த வெற்றிலையை மடிப்பார்கள்.

முன்பு இவற்றைப் ‘புற்றுக்கு முந்தைய நோய்கள்’ என்று மட்டுமே சொல்லிவந்தார்கள். 2005இல் லண்டனில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் கூடிய வல்லுநர்கள், ‘புற்றாக மாறும் வாய்ப்புள்ள வாய்க் கோளாறுகள்’ என்ற பொதுப்பெயரைப் பரிந்துரைத்தார்கள். இந்தப் பெயர் மாற்றத்தில் ஒரு செய்தி இருக்கிறது. இந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் புற்றுநோய் வராது. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லவும் இயலாது. எனவே எல்லோரையும் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும்.

அறிந்திருக்க வேண்டிய நான்கு நிலைகள்

முதலாவது, வெண்படலம். மருத்துவர்கள் லுகோபிளேக்கியா என்பார்கள். 1877இல் ஹங்கேரி நாட்டுத் தோல் மருத்துவர் ஷ்விம்மர் வைத்த பெயர் இது. கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு ஆகிய இடங்களில் தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. தேய்த்தால் போய்விடும் வெள்ளை பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றாக இருக்கும்.

இரண்டாவது, செம்படலம் எனப்படும் எரித்ரோபிளேக்கியா. வெல்வெட் துணி போன்ற சிவப்புத் திட்டு. மிக அரிதாகவே காணப்படும். ஆயிரம் பேரைப் பார்த்தாலும் ஒருவரிடம்கூட இல்லாமல் போகலாம். ஆனால் நான்கில் மிகவும் ஆபத்தானது இதுதான்.

மூன்றாவது, சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ். வாயின் உள்தோலுக்கு அடியில் நார்த்திசு தடித்து, வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போகும் நிலை. 1952இல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் இதை முதலில் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு மும்பை மருத்துவர் ஜோஷி இன்றைய பெயருக்கு அடிப்படையான பெயரைத் தந்தார். பாக்கு மெல்லும் மக்கள் எங்கெல்லாம் சென்றார்களோ அங்கெல்லாம் இந்த நோயும் காணப்படுகிறது.

நான்காவது, லைக்கன் பிளேனஸ். கன்னத்தின் உட்புறம் வலை பின்னியதுபோல் வெள்ளைக் கோடுகள் தெரியும். இதற்கும் மெல்லும் பழக்கத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. புற்றாக மாறும் வாய்ப்பும் இதில் குறைவு.

எண்கள் சொல்வது

இப்போது நம் கேள்விக்கு வருவோம். உலக அளவில் பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, இந்தக் கோளாறுகள் அனைத்தும் சேர்ந்து 4.47 சதவீதம் பேரிடம் இருப்பதாகக் கூறுகிறது. ஆசியாவை மட்டும் எடுத்துக்கொண்டால் 10.54 சதவீதம்.

தமிழ்நாட்டிலிருந்து ஓர் எண். சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு வந்த 2,017 நோயாளிகளைப் பரிசோதித்த ஆய்வு 2006இல் வெளியானது. வெண்படலம் 0.59 சதவீதம், சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் 0.55 சதவீதம், லைக்கன் பிளேனஸ் 0.15 சதவீதம். ஆள்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 12 பேர், 11 பேர், 3 பேர்.

அண்டை நாடான இலங்கையிலிருந்து இரண்டு எண்கள். 1980களின் தொடக்கத்தில் அங்கே ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டில் 28,295 பேரின் வாயைப் பரிசோதித்தார்கள். மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய மாற்றம் 1,220 பேரிடம் இருந்தது. இது 4.2 சதவீதம். பின்னர் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சப்ரகமுவ மாகாணத்தில் 30 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில் 11.3 சதவீதம் என்று வந்தது.

இதே எண்களை 10,000 பெரியவர்கள் வாழும் ஓர் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். சென்னைக் கணக்கில் மூன்று கோளாறுகளும் சேர்ந்து 129 பேர். இலங்கையின் முதல் கணக்கில் 420 பேர். சப்ரகமுவக் கணக்கில் 1,130 பேர். ஒரே கேள்விக்கு மூன்று விடைகள். சிறியதற்கும் பெரியதற்கும் இடையே எட்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. இவற்றில் எது சரி?

மூன்றும் சரிதான். ஒவ்வொன்றும் வேறு வேறு மக்களைப் பற்றிப் பேசுகிறது.

எண்கள் ஏன் வேறுபடுகின்றன?

ஒரு சதவீதத்தைப் படிக்கும்போது நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். மாணவர்களுக்கும் இதைப் பழக்கலாம்.

யாரை எண்ணினார்கள்? சென்னை ஆய்வு பல் மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணியது. பல்வலிக்காக நகரத்து மருத்துவமனைக்கு வருபவரும், தன் வாயைப் பற்றிக் கவலையே இல்லாமல் வயலில் நிற்பவரும் ஒரே மாதிரி அல்லர். வீடு வீடாகச் சென்று எண்ணினால் வேறு படம் கிடைக்கும்.

எந்த வயது? சப்ரகமுவ ஆய்வு 30 வயதுக்கு மேற்பட்டோரை மட்டும் பார்த்தது. பல ஆண்டுப் பழக்கத்தின் விளைவு நடுவயதிலும் முதுமையிலும் குவிகிறது. இளைஞர்களையும் சேர்த்து எண்ணினால் சதவீதம் குறையும்.

என்ன பழக்கம்? இதுதான் எல்லாவற்றிலும் பெரிய காரணம். சென்னை ஆய்வில் மெல்லும் பழக்கம் உள்ளவர்கள் சுமார் 7 சதவீதம் மட்டுமே. இலங்கைக் கிராமப்புறங்களில் வெற்றிலை போடுவோர் மிக அதிகம்.

எந்தெந்தக் கோளாறைக் கணக்கில் சேர்த்தார்கள்? வெண்படலம் மட்டுமா, நான்குமா? மருத்துவர் உறுதிசெய்த பிறகு எண்ணினார்களா, சந்தேகத்தின் பேரில் அனுப்பிய எல்லோரையும் எண்ணினார்களா?

பழக்கம்தான் எண்ணை நிர்ணயிக்கிறது என்பதை இந்தியாவே உலகுக்குக் காட்டியது. 1960களின் பிற்பகுதியில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மேத்தாவும் டென்மார்க் நாட்டு வாய்நோய் வல்லுநர் பிண்ட்போர்க்கும் தங்கள் குழுவினரோடு ஐந்து மாவட்டங்களில் 50,915 கிராம மக்களை வீடு வீடாகச் சென்று பரிசோதித்தார்கள். கேரளத்தின் எர்ணாகுளம், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், குஜராத்தின் பாவ்நகர், அன்றைய பீகாரின் தர்பங்கா, சிங்பூம் ஆகியவை அந்த மாவட்டங்கள். வாய்ப்புற்றும் வெண்படலமும் பெரும்பாலும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களிடமே இருந்தன. திட்டு தோன்றிய இடமும் பழக்கத்தைப் பொறுத்தே அமைந்தது. புகையிலையோடு வெற்றிலை போட்டு அடக்கிக்கொள்பவருக்குக் கன்னத்தில் வந்தது. ஸ்ரீகாகுளத்தில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பெண்களுக்கு மேலண்ணத்தில் வந்தது. பரம்பரையோ தலைவிதியோ அல்ல. எதை எங்கே வைத்தார்கள் என்பதே அந்த இடத்தைத் தீர்மானித்தது.

வாய்க்குள் நடப்பது என்ன?

பாக்கில் அரிக்கோலின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சுண்ணாம்பு சேரும்போது வாயில் காரத்தன்மை கூடி, அரிக்கோலின் உடைந்து வேறு பொருளாகிறது. இவை உள்தோலுக்கு அடியில் உள்ள நார்செல்களைத் தூண்டி, தேவைக்கு மேல் கொலாஜன் நாரை உருவாக்க வைக்கின்றன. பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள் அந்த நாரைச் சிதையவிடாமல் காக்கிறது. பாக்கிலுள்ள தாமிரம் நார்களைப் பின்னிப் பிணைக்கும் நொதியின் வேலையைக் கூட்டுகிறது. நார் உருவாவது கூடுகிறது, கரைவது குறைகிறது. மிருதுவாக இருந்த கன்னம் உள்ளே கயிறு ஓடுவதுபோல் இறுகிப் போகிறது.

புகையிலை வேறு வழியில் கெடுக்கிறது. அதிலுள்ள நைட்ரோசமைன்கள் செல்லின் மரபுப்பொருளை நேரடியாகச் சேதப்படுத்துகின்றன. இரண்டும் ஒரே மடிப்பில் சேர்ந்து, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் ஒதுங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். ‘நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்’ என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் பாக்கையும், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துவிட்டது. புகையிலை ஏற்கெனவே அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. வெற்றிலை தனியாக அந்தப் பட்டியலில் இல்லை. கொடிக்காலில் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இந்த வேறுபாட்டைச் சொல்லத் தவறக் கூடாது. தாம்பூலத்தைத் தட்டில் வைத்துக் கொடுப்பது நம் மரபு. பாக்கையும் புகையிலையையும் கன்னத்தில் அடக்குவதுதான் நோய்க்கு வழி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் நாம் சொல்வது வீட்டு வாசலைத் தாண்டாது.

எத்தனை பேருக்குப் புற்றாகிறது?

உலகின் பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, தொடர் கண்காணிப்பில் இருந்த நோயாளிகளில் வெண்படலம் 9.5 சதவீதம் பேருக்கும், சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் 5.2 சதவீதம் பேருக்கும், லைக்கன் பிளேனஸ் 1.4 சதவீதம் பேருக்கும் புற்றாக மாறியது. செம்படலத்தில் இது 33.1 சதவீதம். அதாவது மூவரில் ஒருவர்.

இதை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். வெண்படலம் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேருக்குப் புற்று வரவில்லை. எனவே வீணாகப் பயமுறுத்தக் கூடாது. பத்தில் ஒருவருக்கு வந்தது. எனவே அலட்சியம் கூடாது. இந்தியாவில் 2022இல் மட்டும் சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம் பேருக்கு உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்ததாகவும் பன்னாட்டு முகமை மதிப்பிடுகிறது. அவர்களில் பலருடைய வாயில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு திட்டு இருந்திருக்கும். கண்ணாடியும் வெளிச்சமும் இருந்தாலே பார்த்திருக்கக்கூடிய இடம் அது.

பழக்கத்தை விட்டால் பலருக்கு வெண்படலம் சுருங்குகிறது. சிலருக்கு மறைந்தும் போகிறது. சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் அப்படியல்ல. பாக்கை விட்டால் எரிச்சல் குறையும், நோய் மேலும் முற்றுவது தடைபடும். ஆனால் இறுகிய வாய் தானாகப் பழைய நிலைக்கு வருவதில்லை. சின்ன வயதில் பாக்கைத் தொடங்கும் பிள்ளை எதை இழக்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

தேடிப் பார்ப்பதன் பயன்

1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பேரை இரண்டு தொகுதியாகப் பிரித்தார்கள். ஒரு தொகுதியில் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பட்டம் பெற்று, இதற்கெனப் பயிற்சி எடுத்த பணியாளர்கள். கருவி என்றால் வெளிச்சமும் கண்ணும்தான். 2005இல் வெளிவந்த முடிவின்படி, புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லாமல் உயிர்களைக் காக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆனால் பார்ப்பது மட்டும் போதாது. முன்பு சொன்ன இலங்கை ஆய்வில் மாற்றம் கண்டறியப்பட்டு அனுப்பப்பட்ட 1,220 பேரில் மருத்துவரிடம் போனவர்கள் 660 பேர்தான். ஏறத்தாழ பாதிப் பேர் போகவே இல்லை. பயம், கூலி இழப்பு, ‘வலி இல்லையே’ என்ற எண்ணம். இது நம் ஊரிலும் நாம் அறிந்த கதைதான்.

நம் நாட்டில் 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை செய்வது தேசிய தொற்றா நோய்த் திட்டத்தின் பகுதி. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இதைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரை உள்ள இந்தியப் பெண்களில் 0.9 சதவீதம் பேரும் ஆண்களில் 1.2 சதவீதம் பேரும் மட்டுமே எப்போதாவது ஒருமுறை இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். நூறு பேரில் எத்தனை பேருக்கு நோய் என்ற எண்ணைவிட, நூறு பேரில் எத்தனை பேரின் வாயை யாராவது பார்த்தார்கள் என்ற இந்த எண்தான் நம்மை அதிகம் யோசிக்க வைக்க வேண்டும்.

குளமும் வாய்க்காலும்

டெல்டா பிள்ளைகளுக்குப் புரியும் ஓர் உவமை. குளத்தில் இப்போது நிற்கும் நீர் ஒரு கணக்கு; வாய்க்கால் வழியே புதிதாக வந்து சேரும் நீர் இன்னொரு கணக்கு. ஒரு குறிப்பிட்ட நாளில் நோய் உள்ளவர்கள் எத்தனை பேர் என்பது குளத்து நீர். ஓராண்டில் புதிதாக நோய் வருபவர்கள் எத்தனை பேர் என்பது வாய்க்கால் நீர். மருத்துவமனைகள் குளத்தைக் கவனிக்கின்றன. வாய்க்காலின் தலைப்பு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

2019இல் இந்தியா முழுவதும் பள்ளிகளில் நடத்தப்பட்ட உலக இளையோர் புகையிலை ஆய்வில், 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். மெல்லும் அல்லது அடக்கும் புகையிலையைப் பயன்படுத்தியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 10 வயது நிறைவதற்கு முன்பே அதைத் தொடங்கியிருந்தார்கள். அதாவது ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள். பெரியவர்களைப் பொறுத்தவரை, 2016–17 கணக்கின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் புகையிலை பயன்படுத்துகிறார். அதற்கு முந்தைய 2009–10 கணக்கில் இது 16.2 சதவீதமாக இருந்தது.

வடிவமும் மாறிவிட்டது. தாத்தாவின் வெற்றிலைப் பெட்டி பேரனுக்குத் தேவையில்லை. உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கும் சிறு புகையிலைப் பைகள் வந்துவிட்டன. துப்ப வேண்டியதில்லை, வாய் சிவக்காது, வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது வெளியே தெரியாது. பள்ளி மாணவர்களிடையே இவை பரவுவது குறித்து 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலை தெரிவித்தது. இதற்கு முதல் படியாகச் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இனிப்புப் பாக்குப் பொட்டலம் இருக்கிறது. மிட்டாய் என்று நினைத்தே பிள்ளைகள் வாங்குகிறார்கள்.

வளரும் எண்களில் இளைஞர் பங்கைக் காட்ட ஒரு சான்று. சென்னையில் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் 185 பேரைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வில், ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ பத்து ஆண்கள் என்ற விகிதம் இருந்தது. வயலில் வெற்றிலை போடும் மூதாட்டியின் நோய் என்று நாம் நினைத்திருந்தது, பொட்டலப் பாக்கு வந்த பிறகு இளம் ஆண்களின் நோயாகிவிட்டது.

வகுப்பறையில் பயன்படுத்த

கணக்கு: சதவீதம் நடத்தும்போது மேலே உள்ள ஆய்வுகளையே கணக்காகக் கொடுக்கலாம். 28,295 பேரில் 1,220 பேர் என்றால் எத்தனை சதவீதம்? (விடை: 4.3க்குச் சற்று அதிகம் வரும். ஆய்வில் 4.2 என்று குறிப்பிட்டது ஏன் சற்று வேறுபடுகிறது என்று விவாதிக்கலாம். அச்சில் வரும் எண்ணையும் சரிபார்க்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.) 1,220இல் 660 பேர் மருத்துவரிடம் போனார்கள் என்றால், போகாதவர்கள் எத்தனை சதவீதம்?

அறிவியல்: அமிலம், காரம் பாடத்தில் சுண்ணாம்பின் காரத்தன்மையை மஞ்சள் தாளில் காட்டும்போது, அது மெல்லிய உள்தோலில் நாள்தோறும் பட்டால் என்னவாகும் என்று கேட்கலாம். திசுக்கள் பாடத்தில் கொலாஜன் நாரைப் பற்றிப் பேசலாம்.

சமூக அறிவியல்: 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்கக் கூடாது, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது என்பது 2003ஆம் ஆண்டு புகையிலைப் பொருள்கள் சட்டம். 100 கெஜம் என்பது சுமார் 91 மீட்டர். பள்ளி வாசலிலிருந்து மாணவர்களையே அளக்கச் சொல்லி, ஊர் வரைபடத்தில் வட்டமிடச் செய்யலாம். சிறாருக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா போன்றவற்றுக்கு 2013 முதல் தடை ஆணைகள் பிறப்பிக்கப்பட்டு வருகின்றன.

ஆசிரியர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

நாம் மருத்துவர்கள் அல்லர். நோயைத் தீர்மானிப்பது நம் வேலையல்ல. ஆனால் நாள்தோறும் பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் நாம்தான். மதிய உணவில் சாம்பாரின் சாதாரணக் காரத்துக்கே வாய் எரிகிறது என்று தட்டை ஒதுக்கும் பிள்ளை, விசில் அடிக்கவோ பலூன் ஊதவோ சிரமப்படும் பிள்ளை, வாயை அகலத் திறக்காமல் பேசும் பிள்ளை, அடிக்கடி உதட்டுக்குள் ஏதோ ஒதுக்கி வைத்திருக்கும் பிள்ளை. இவை சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸின் தொடக்கமாகவும் இருக்கலாம், வேறு எளிய காரணமாகவும் இருக்கலாம்.

எளிய சோதனை ஒன்று உண்டு. தன் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே வைக்க முடிகிறதா என்று பார்ப்பது. இதை வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் செய்து பார்க்கும் விளையாட்டாக வைத்தால் எந்தப் பிள்ளையும் தனிமைப்படாது. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே செய்ய வேண்டும். மூன்று விரல் நுழையவில்லை என்றால் பெற்றோரிடம் தனியாகச் சொல்லி, பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமோ அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடமோ காட்டச் சொல்லலாம்.

பையில் பொட்டலம் அகப்பட்டால் காலை வணக்கக் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்துவதால் பழக்கம் நிற்காது, மறைவிடம்தான் மாறும். யார் கொடுத்தார்கள், எப்போதிருந்து, எந்த நேரத்தில் மனம் கேட்கிறது என்று தனியே பேசுவதே தொடக்கம். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசிய எண்ணில் புகையிலையை விடுவதற்கான ஆலோசனை கிடைக்கும்.

பெற்றோர் வரும் நாளில்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வருபவர்களில் பலர் 30 வயதைக் கடந்தவர்கள். பரிசோதனை தேவைப்படும் வயதினர் ஒரே இடத்தில் கூடுவது அந்த நாளில்தான். கிராம சுகாதாரச் செவிலியரையும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரையும் முன்கூட்டியே அழைத்து, அரை மணி நேரம் வாய்ப் பரிசோதனைக்கு ஒதுக்கலாம். பரிந்துரைச் சீட்டு பெற்றவர் மருத்துவமனைக்குப் போனாரா என்பதை அடுத்த கூட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டால், இலங்கையில் விடுபட்ட பாதிப் பேர் போல இங்கே விடுபட மாட்டார்கள்.

பேச்சுக்குப் பலன் உண்டா என்ற ஐயம் வேண்டாம். 1970களின் பிற்பகுதியில் தொடங்கி, எர்ணாகுளம் உள்ளிட்ட மூன்று இடங்களில் புகையிலைப் பழக்கமுள்ள 36,000 கிராம மக்களுக்கு ஆண்டுதோறும் நேரில் பேசியும் படங்கள் காட்டியும் அறிவுரை வழங்கினார்கள். எர்ணாகுளத்தில் அந்த மக்களிடையே புதிதாக வெண்படலம் தோன்றுவது குறைந்தது. மருந்து எதுவும் தரவில்லை. திரும்பத் திரும்ப, மரியாதையோடு சொன்னார்கள்.

பிள்ளைகளிடம் இந்தப் பாடத்தைச் சொல்லி அனுப்பும்போது ஒன்றை மறக்க வேண்டாம். வயலில் பசியையும் களைப்பையும் மறக்கத்தான் பாட்டி வெற்றிலை போடத் தொடங்கியிருப்பார். அவரைக் குற்றவாளியாக்க அல்ல இந்தப் பாடம். ‘பாட்டி, வெளிச்சத்துக்கு வா, வாயைக் கொஞ்சம் திறந்து காட்டு’ என்று பேத்தி கேட்டால் போதும். கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, மேலண்ணம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். தேய்த்தும் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கட்டி, திறக்க முடியாத வாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.